இரண்டு தண்ணீர் வடித்த கிழங்கு

முதல் தண்ணீரை வடித்துக் கொட்டியாகிவிட்டது, இரண்டாவது கொதிக்க மாட்டேன் என்கிறது, மணி ஒன்பதே கால், ஹாலில் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்கிறது, இனி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆச்சா ஆச்சா என்று ஆரம்பித்துவிடுவார். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் ஒரு கொதி. அப்போதுதான் அதிலிருக்கும் பொட்டாசியம் இறங்குமாம். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் ஒரு தாளில் படம் போட்டே கொடுத்திருக்கிறாள். தக்காளி மேல் பெருக்கல் குறி, வாழைப்பழம் மேல் பெருக்கல் குறி, இளநீர் மேல் இரண்டு பெருக்கல் குறி, உருளைக்கிழங்கு மேல் மட்டும் ஒரு கேள்விக்குறி. எல்லாம் இறங்கிப் போன பிறகு கிழங்கில் கிழங்கு என்று என்னம்மா மிஞ்சும் என்று கேட்க வாயெடுத்தேன், அவளுக்கு எங்கள் பெண் நித்திலா வயசுதான் இருக்கும், கேட்கவில்லை. இந்தக் கேள்விக்குறியைப் பிடித்துக்கொண்டுதான் இவர் ஒரு வாரமாக என் உயிரை வாங்குகிறார். நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருக்கும்போது போனில் வீடியோ பார்க்கிறார், எல்லாம் சாப்பாட்டு வீடியோ, சாப்பிட முடியாதவர் வேறெதைப் பார்ப்பார். அதில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் காட்டுக்குள் கூடாரம் போட்டு, ஒரு கனத்த இரும்புச் சட்டியில் கிழங்கையும் வெங்காயத்தையும் குடைமிளகாயையும் போட்டு முறுகலாக வறுத்து, நடுவில் குழி பண்ணி, முட்டையை உடைத்து ஊற்றி, சட்டியோடு மடியில் வைத்துச் சாப்பிடுகிறான். "இதுக்குப் பேரு ஹேஷாம் மங்கை. ஸ்கில்லெட் ஹேஷ்." கிழங்கு வறுவல் மேல் முட்டையை உடைத்து ஊற்றுவதற்கு ஒரு பேரு. "எனக்கு இது வேணும்" என்றார், ஐம்பது வயசு மனுஷர், மூன்று வயசுப் பிள்ளை பொம்மைக் கடையில் கேட்பது மாதிரி. ஒன்றரை வருஷமாக எதையும் வேணும் என்று கேட்காதவர். அதனால்தான் சரி என்றேன். நேற்று சாயங்காலம் அப்படியொரு போன் வரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொதி வந்துவிட்டது. வடிதட்டைக் காணோம். இருக்கிறது, இதோ, கையிலேயே இருக்கிறது. என் புத்தி நேற்று ஐந்து மணியிலிருந்து ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது, இவரைக் கூட்டிவர ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு சாவியைப் பைக்குள் போடும்போது மதிவாணன் மாமா கூப்பிட்டார். இவருடைய அண்ணன். தன்னுடைய ஒரு கிட்னியை இவருக்குத் தருகிறேன் என்று சித்திரையில் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவர், அதற்கப்புறம் மூன்று மாசம் எத்தனை பரிசோதனை, ரத்தம், ஸ்கேன், இதயம், எல்லாம் பொருந்தியிருக்கிறது என்று டாக்டரே கை கொடுத்தார். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. "மங்கை, எங்கம்மா இருக்க, பேசலாமா" என்றார். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்து நாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் வாயைத் திறக்கும் முன்னாலேயே என்ன கேட்கப் போகிறார் என்று தெரியும். "சுசீலா ஒத்துக்க மாட்டேங்கிறாம்மா. ஒரே அழுகை. பின்னாடி எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா யாரு பாக்குறதுன்னு கேக்குறா. என்னால அவளை மீறி... தம்பி அறவாழிகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன். நீதான் பக்குவமா சொல்லிரணும்மா." பக்குவமா. அந்த வார்த்தையை எடுத்து அவர் முகத்திலேயே எறியணும் போல இருந்தது. சரிங்க மாமா என்றேன். ஏன் சரி என்றேன்? மூன்று மாசமாக அவருக்கு மாமா காபி எடுத்துக்குங்க, மாமா ஃபேனைப் போடட்டுமா என்று குழைந்து குழைந்து நாக்கு அப்படியே பழகிவிட்டது. உறுப்பு தருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? அவர் இருமினால் வெந்நீர் வைக்க ஓடுவேன், ரோட்டைக் கடந்தால் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். இப்போது அவர் எப்படி வேண்டுமானாலும் ரோட்டைக் கடக்கட்டும்.

"ஆச்சா?" 

"இப்பத்தான் வடிக்கிறேன்."

"தண்ணி ஒரு வாய் குடிக்கட்டுமா?"

"பாட்டில்ல எந்தக் கோடு வரைக்கும் இருக்குன்னு பாருங்க."

பார்த்திருப்பார். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், பாட்டிலில் நானே மார்க்கர் பேனாவில் கோடு போட்டிருக்கிறேன், காலை, மதியம், ராத்திரி என்று. கட்டின புருஷனுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறவள். இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்த காலத்தில் வெயிலில் திரும்பி வந்து சொம்பை அண்ணாந்தால் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், முழுச் சொம்பும் ஒரே மூச்சு, மோவாயிலிருந்து சட்டைக்குள் வழியும். பொன்மலைச் சந்தையில் வாங்கிய இரும்புச் சட்டி, அடி கனமாக, தட்டையாக, போன வாரம்தான் இதற்கென்றே வாங்கினேன், எண்ணெய் தடவி அடுப்பில் வைத்து இரண்டு நாள் பழக்கினேன், பழகவில்லை. எண்ணெய் சூடாகிவிட்டது, கிழங்கைப் போட்டேன், சடசடவென்று ஒரு சத்தம் வந்து உடனே அடங்கிவிட்டது. அந்த வீடியோவில் இந்த இடத்தில் கிழங்கு துள்ளும். இது நனைந்த துணி மாதிரி விழுந்து கிடக்கிறது. அடியில் ஒட்டுகிறது. கரண்டியைக் கொடுத்தால் மேல் பாதி கையோடு வருகிறது, கீழ்ப் பாதி சட்டியோடு நிற்கிறது. ஊறி, வெந்து, மறுபடி வெந்து, சத்தெல்லாம் போன கிழங்குக்கு முறுகுவதற்கு எங்கே தெம்பு இருக்கும். கிளறினால் கூழாகிறது, கிளறாவிட்டால் கருகுகிறது. சுரண்டுகிறேன். கரண்டி இரும்பில் உரசுகிற சத்தம் பல்லில் ஏறுகிறது. சுசீலா அக்கா, உனக்கு மனசு வந்ததா?

ஓரகத்தி என்றுகூட அவளை நான் நினைத்ததில்லை. கல்யாணம் ஆகி வந்த புதிதில் எனக்குப் புடவைக் கொசுவம் நிற்காது, ஆபீசுக்குக் கிளம்பும்போது மண்டி போட்டு உட்கார்ந்து மடிப்பை இழுத்துவிடுவாள். நித்திலா பிறந்தபோது பத்து நாள் என் பக்கத்திலேயே படுத்திருந்தாள். அப்படிப்பட்டவள் அழுது தடுத்தாளாம். அழட்டுமே. அவள் புருஷனுக்கு ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும், எனக்கு? இரண்டும் சுருங்கிவிட்டது என்று ஸ்கேன் அறையில் திரையைக் காட்டினார்களே, இரண்டு காய்ந்த பீர்க்கங்காய் மாதிரி, அதைப் பார்த்துவிட்டு நானும் இவரும் பஸ்சில் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்தோமே, அன்றைக்கு அவள்தானே இட்லி எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு இன்றைக்குக் கையை விரித்தாளாம். வெங்காயம் நறுக்கி வைத்தது எங்கே, இதோ. வெங்காயத்துக்குத் தாளில் குறி எதுவும் இல்லை, ஆகையால் வெங்காயத்தை அள்ளிப் போடுகிறேன். குடைமிளகாய் பச்சையும் சிவப்பும். மிளகுத்தூள். உப்பு இல்லை. உப்பு டப்பாவை மேல் தட்டில் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன், எனக்கென்று தனியாகப் போட்டுக்கொள்ளவும் மனசு வருவதில்லை, அதனால் இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் உப்பில்லை. எலுமிச்சம்பழம் பிழியலாம், பாதி. பாதிக்கு மேல் அதுவும் கூடாது. கூடாது கூடாது கூடாது. சட்டியைத் தூக்கிக் கொல்லையில் எறிந்துவிட்டு, ஒரு டப்பா அரிசியை உலையில் போட்டுவிட்டு, போய்ப் படுத்துக்கொள்ளலாம். எப்படிச் சொல்வது? சாப்பிட்ட பிறகு சொல்லலாமா? சாப்பிட்ட பிறகு சொன்னால் வாந்தி எடுப்பார், ஏற்கனவே பாதி நாள் வாந்தி. சாப்பிடுவதற்கு முன்னால் சொன்னால் சாப்பிட மாட்டார். நாளைக்குச் சொன்னால்? செவ்வாய்க்கிழமை மெஷினில் ஏறுகிற நாளன்று பயிற்சிப் பள்ளிக்கு வண்டி கற்க வருகிற பையன்கள் மாதிரி ஆஸ்பத்திரியில் எல்லோரும் சார் எப்ப ஆபரேஷன் எப்ப ஆபரேஷன் என்று கேட்பார்கள், இவர் சிரித்துக்கொண்டே ஆவணி ஆவணி என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இவரிடம் சொல்வதுகூடப் பரவாயில்லை. நித்திலா. அவளிடம் எப்படிச் சொல்வது. மதுரையில் விவசாயக் கல்லூரியில் கடைசி வருஷம், இருபத்தொரு வயசு. ஆரம்பத்திலேயே சொன்னாள், "நான் தர்றேம்ப்பா, எனக்கும் ஓ பாசிடிவ்தானே" என்று, ஏதோ பேனா இரவல் தருகிறவள் மாதிரி. இவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் மேல் கை ஓங்கினார். அடிக்கவில்லை, ஓங்கின கை, டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்து வீங்கியிருக்கிற இடது கை, அப்படியே அந்தரத்தில் நின்றது. பெரியப்பா தருகிறேன் என்றதும்தான் அவள் அடங்கினாள். இப்போது பெரியப்பா இல்லை என்று தெரிந்தால் அடுத்த பஸ்சில் ஏறிவிடுவாள். ஏறினால் நான் என்ன செய்வேன்? வேண்டாம் என்பேனா? புருஷனைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்பேனா? சரி என்பேனா, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே? இரண்டில் ஒன்றைச் சொல்லித்தானே ஆகவேண்டும், சொல்லாமல் நின்றால் அதுவும் ஒன்றைச் சொன்ன மாதிரிதான். கருகுகிற வாசனை. தீயைக் குறைக்கணும். குறைத்தால் மறுபடி கூழ். அந்த வீடியோக்காரன் காட்டில் விறகு அடுப்பில் செய்கிறான், எனக்குக் கேஸ் அடுப்பில் வரவில்லை. முதல் ஆளாக நான்தானே கேட்டேன், என்னுடையதை எடுத்துக்குங்க டாக்டர் என்று. "உங்களுக்கு சர்க்கரை இருக்கா?" ஆறு வருஷமா இருக்கு. "அப்ப நீங்க இல்ல. அடுத்து யாரு?" தலையைக்கூட நிமிர்த்தாமல் அடுத்து யாரு என்றார். நான் கவுண்டரில் சொல்கிற மாதிரியே.

"மங்கை, ஏதோ தீயுது."

"எனக்கு மூக்கு இருக்கு."

எழுந்து வருகிறார். செருப்பு தேய்கிறது. கால் வீக்கம் இருக்கிற நாளில் வலது செருப்பு மட்டும் தேயும், இடது காலைத் தூக்கி வைப்பார். அவர் வந்து சேர்வதற்குள் முட்டையை உடைத்துவிடவேண்டும் என்று அவசரம் அவசரமாகக் கரண்டியால் குழி பண்ணுகிறேன், குழி நிற்கவில்லை, சரிந்து மூடிக்கொள்கிறது. மறுபடி பண்ணுகிறேன். முதல் முட்டை சட்டி விளிம்பில் தட்டியதும் ஓடு உள்ளுக்குள் நொறுங்கி, மஞ்சள் கரு உடைந்து கிழங்கு முழுக்க ஓடிவிட்டது. இது எனக்கு. இரண்டாவதை வெள்ளைக்கரு தனியாகப் பிரித்துத்தான் போட வேண்டும், வாரத்துக்கு ஒரே ஒரு மஞ்சள் கரு, அதுவும் கல் மாதிரி வெந்திருக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. போன வாரத்து மஞ்சள் கரு பாக்கி இருக்கிறது என்று முழுசாகவே ஊற்றினேன். உடையாமல் நின்றது. ஒட்டின கிழங்குக்கு நடுவில் வட்டமாக, பளபளவென்று. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எரிச்சலாகவும் வந்தது, ஒரு முட்டை உடையாமல் விழுந்ததற்கு யாராவது அழுவார்களா? பின்னால் வந்து நின்றார். என் தோள் வழியாக எட்டிப் பார்க்கிறார்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு. மூடி போடாத. மேல வெள்ளையாப் படர்ந்துடும். அவன் மூட மாட்டான்."

"அவனையே பண்ணித் தரச் சொல்லுங்க."

"எதுக்கு இப்பக் கோபம்? மஞ்சக்கரு அப்படியே கொழகொழன்னு இருந்தா..."

"கொழகொழன்னு சாப்பிட்டா கிருமி வரும். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு காய்ச்சல்கூட வரக் கூடாதுன்னு..."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. ஆபரேஷன். வந்தபிறகு அதை விழுங்க முடியவில்லை. கரண்டியை மேடை மேல் வைத்தேன், வைக்கவில்லை, போட்டேன், எகிறிக் கீழே விழுந்தது. திரும்பாமலேயே சொன்னேன். பக்குவமும் இல்லை ஒன்றும் இல்லை.

"உங்க அண்ணன் தர மாட்டாராம். நேத்து போன் பண்ணினாரு. சுசீலா அக்கா ஒத்துக்கலையாம். ஆவணியும் கெடயாது புரட்டாசியும் கெடயாது."

இவர் குனிகிறார், குனியக் கூடாது, தலை சுற்றும், கரண்டியை எடுத்துக் குழாயில் கழுவுகிறார். கழுவி முடித்துக் குழாயை இறுக மூடுகிறார். இவ்வளவு நேரம் எதற்கு ஒரு கரண்டிக்கு?

"அண்ணி பேரை இழுத்துட்டானா?" என்றார். "அதை நான் சொல்லச் சொல்லல."

திரும்பினேன். "என்ன?"

"பொருந்தலைன்னு சொல்லு, டாக்டர் கடைசி நேரத்துல வேணாம்னுட்டார்னு சொல்லுன்னேன். அவனுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியல."

"நீங்க என்ன சொல்லுறீங்க?"

"நான்தான் மங்கை வேணாம்னேன். போன ஞாயித்துக்கிழமை. நானும் அவனும் மாடிக்குப் போயிருந்தமே, அப்ப."

அடுப்பை அணைத்தது யார் என்று தெரியவில்லை, அவராகத்தான் இருக்கும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், டயாலிசிஸில் கருத்துப்போன முகம், கண்ணுக்குக் கீழே பை. நேற்று சாயங்காலத்திலிருந்து எத்தனை பேரை எத்தனை விதமாகத் திட்டியிருப்பேன், மனசுக்குள்ளேயே சுசீலா அக்காவின் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன், மாமாவை எங்கள் வாசற்படி ஏற விடுவதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறேன், அவர்கள் வீட்டுப் பையன் கல்யாணத்துக்குப் போவதில்லை என்றுகூட யோசித்துவிட்டேன், அவனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. அத்தனையும் இப்போது கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், யார் தலையில் போட? இதோ நிற்கிறார், போடு.

"யாரைக் கேட்டு வேணாம்னீங்க?" என்றேன். "யாரைக் கேட்டு? உங்க உசுரு உங்க வீட்டுப் பாத்திரமா, வேணாம்னு கவுத்து வைக்க? காலையில எந்திரிச்சதும் மூச்சு வருதான்னு மூக்குல கை வச்சுப் பாக்குறது நான். தண்ணிக்குக் கோடு போடுறது நான். கிழங்க வேக வச்சு வேக வச்சுக் கொட்டுறது நான். ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல?"

"தோணுச்சு. கேட்டா நீ வேணாம்னு சொல்ல விட மாட்ட."

"விட மாட்டேன்தான்!"

"அதான்."

பிறகு அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அவரால் அதற்கு மேல் நிற்க முடியாது. மெதுவாகச் சொன்னார். சம்மதக் கையெழுத்துப் போடுகிற தாளை அண்ணன் தன் பையிலிருந்து எடுத்திருக்கிறார், பேனாவைத் திறக்க முடியவில்லை, மூடி கழலவில்லை. "கையப் பாத்தேன் மங்கை. இருபத்தஞ்சு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து கத்துக்க வர்றவங்க கையத்தானே பாத்துக்கிட்டிருந்தேன். வாய் எல்லாம் சரி சார் சரி சார்ங்கும். கை ஸ்டீரிங்கை நெரிச்சுக்கிட்டிருக்கும். அந்த மாதிரி ஆளை நான் மெயின் ரோட்டுல ஏத்தினதே இல்ல. என் அண்ணனை எப்படி ஏத்துவேன்? பயமா இருக்கான்னு கேட்டேன். இல்லடான்னான். உனக்குத் தர்றதுக்கு என்ன பயம்னான். சொல்லிட்டு அழுதான். அப்புறம்தான் வேணாம்னேன். அவன்கிட்ட வாங்கி உள்ள வச்சுக்கிட்டா நான் வாழ்நாள் பூரா அவன் முகத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும். அவனுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்குக் குத்தும்."

பயந்தால் என்ன, பயந்துகொண்டே தருகிறவர்கள் இல்லையா, பயம் போனபிறகுதான் பிள்ளை பெற்றேனா நான், என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தப் பேனா மூடி. பேனா மூடியைக் கழற்ற முடியாத மாமாவின் கை எனக்குத் தெரிந்துவிட்டது, அதற்கப்புறம் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை, ஏனென்றால் டாக்டர் அறையில் அடுத்து யாரு என்று கேட்ட நிமிஷம் நான் என்ன பண்ணினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மூச்சு விட்டேன். சின்ன மூச்சுதான். நான் இல்லை, நான் படுக்க வேண்டாம், என்னை அறுக்க மாட்டார்கள். அந்த மூச்சு உடம்பை விட்டுப் போன கையோடு கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கத்தில் இருந்த நர்ஸ் நான் ஏமாற்றத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள், நானும் தடவ விட்டேன். ஒன்றரை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் சொன்னேன். ஏன் இந்த நேரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை, வேறு யாரையும் திட்ட வழியில்லாமல் போனதால் இருக்கும்.

"எனக்கு சர்க்கரை இருக்கு, ஆகாதுன்னாருல்ல டாக்டர். அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க."

கேட்டுக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று பார்த்தேன், அல்லது பரவாயில்லை என்பார், அதுதான் இன்னும் மோசம்.

"எனக்குந்தான் நிம்மதியா இருந்துச்சு" என்றார். "ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு சமைக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் கொஞ்சம் வந்தது. வந்ததும் எரிச்சலும் திரும்ப வந்துவிட்டது, ஏனென்றால் சிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இவர் எழுந்து போய் டிவியைப் போட்டுக்கொள்வார், இந்த மனுஷரோடு இருபத்து மூன்று வருஷம் இருந்திருக்கிறேன். தட்டை எடுக்கவில்லை. சட்டியையே துணியால் பிடித்துத் தூக்கி அவர் எதிரில் மேடை விளிம்பில் வைத்தேன். முட்டை நன்றாகவே வெந்துவிட்டது, கொழகொழப்பெல்லாம் போய்விட்டது. கரண்டியால் ஒரு ஓரத்தைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். மெல்ல ஒன்றும் இல்லாததை நிதானமாக மென்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இல்ல."

"தெரியும்."

"அடியில பிடிச்சது மட்டும் நல்லாருக்கு. அதைச் சுரண்டு."

சுரண்டினேன். கருப்புக்கு முந்தின செம்மண் நிறத்தில், ஒரு தகடு போல வந்தது. அவர் பாதி, நான் பாதி. மொறுமொறுவென்று இருந்தது, உப்பில்லாமலும் வெங்காயத்தின் இனிப்பும் மிளகின் காரமும் தெரிந்தது. ஆனால் நான் உட்காரவில்லை. இவரை நாற்காலிக்குத் திரும்ப விடக் கூடாது. இறந்துபோகிறவர்கள் தருகிற உறுப்புக்காகப் பெயர் பதிந்து வைக்கிற பட்டியல் ஒன்று இருக்கிறது என்று டாக்டர் முதல் மாசமே சொன்னார். எவனோ எங்கேயோ அடிபட்டுச் சாகணும்னு நான் தினம் காத்திருக்கணுமா, ரோட்டுல சாவக் கூடாதுன்னுதானே ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தேன் என்று அன்றைக்கு மறுத்தார், அதற்குள் அண்ணன் வந்துவிட்டார், அந்தப் பேச்சே போய்விட்டது.

"நாளைக்கு லீவு போடுறேன்" என்றேன். "பட்டியல்ல பேரு எழுதப் போறோம்."

"மங்கை, அதுக்கு எத்தனை வருஷம்..."

"ஆகட்டும். அதுவரைக்கும் மெஷின்ல படுங்க. நான் கிழங்கு வடிக்கிறேன். நீங்க என்னைக் கேக்காம ஒண்ணு முடிவு பண்ணிட்டீங்க, நான் உங்களைக் கேக்காம ஒண்ணு முடிவு பண்ணிக்கிறேன். யாரும் சாகணும்னு நீங்க நினைக்க வேணாம். செத்த பிறகும் தர்றேங்கிறவங்க கிட்ட வாங்கிக்கிறோம், அவ்வளவுதான்."

மடியில் விழுந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம் இல்லை, ஆனால் முடியாது என்றால் உடனே சொல்லிவிடுவார்.

"இன்னொண்ணு" என்றேன். "நித்திலாவுக்கு இப்பவே போன் போட்டு நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். யாருக்கும் இனி நான் பக்குவமா சொல்றதா இல்ல."

"சாயங்காலம் சொல்றேனே."

"இப்ப."

போனை நானே தேடி எடுத்து வந்து, எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று தரம் மணி அடித்தபிறகு எடுத்தாள். ஹாஸ்டலில் பின்னால் யாரோ வாளியை இழுக்கிற சத்தம். "என்னப்பா, அந்த ஹேஷ் ஆச்சா? போட்டோ அனுப்பச் சொன்னேன்ல?" இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "நித்தி, ஒண்ணு சொல்றேன். முடிக்கிற வரைக்கும் குறுக்கப் பேசாத" என்று ஆரம்பித்து, அண்ணன் பயந்ததை, தான் வேண்டாம் என்றதை, பெரியம்மாவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை, ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "உன்கிட்ட வாங்க மாட்டேன். அதைப் பத்திப் பேசணும்னா போனை வச்சிடுவேன்" என்றார். நான் சட்டியின் காதைப் பிடித்துக்கொண்டேன், இன்னும் சூடாக இருந்தது, விடவில்லை.

வாளி சத்தம் நின்றுபோயிருந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். ஸ்பீக்கரிலேயே எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது, இருந்தாலும் அவர் போனை எடுத்து என்னிடம் நீட்டினார், நானும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா, நான் இப்பவே பஸ் ஏறுறேன். நீ ஒண்ணும் சொல்லாத. நான் வரத்தான் போறேன்."

"வா" என்றேன். "கிட்னி குடுக்கறதுக்கு இல்ல. நாளைக்குப் பேரு எழுதுற எடத்துல விடியக்காலையிலேயே வரிசை நிக்குமாம். உங்கப்பாவால நிக்க முடியாது, எனக்கு முழங்கால் வலி. நிக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்."

வாளியை நகர்த்துகிற சத்தம் மறுபடி கேட்டது. பிறகு, "எத்தனை மணிக்குப் போய் நிக்கணும்?" என்று கேட்டாள்.